உப்பு சுமந்து போன சனிக்கிழமை

(பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியது)

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களே, என் அழைப்பை ஏற்று உடல்நலக் குறைவையும் பொருட்படுத்தாமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் பள்ளித் தமிழாசிரியை அம்மா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, மாமன்ற உறுப்பினர் அண்ணாச்சி அவர்களே, விடுதிக் காப்பாளர் அவர்களே, காலையிலிருந்து நாற்காலி தூக்கிப் போட்ட தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

வெளிநாட்டில் படித்தபோது கண்ட ஈஸ்டரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வழிபாடு, சாப்பாடு, மொழி என்று மூன்று செய்தி சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு பழமொழி. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை.' ஏழாம் வகுப்பில் எனக்கு இதை எழுதிப் போட்டவர் இதோ முன்வரிசையில் இருக்கிறார்.

நான் முதுகலை படித்தது போலந்து நாட்டு கிராக்கூவ் நகரில். 2017-ல் ஏப்ரல் 14 பெரிய வெள்ளி. அன்றைக்குத்தான் நமக்குச் சித்திரை முதல் நாள். அம்மா போனில், "மாங்காய்ப் பச்சடி வச்சியாடி?" என்று கேட்டாள். எங்கே வைக்க? விடுதியே காலி. எல்லாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். அந்த நாட்டில் ஈஸ்டர் ஞாயிறும் அடுத்த திங்களும் பெரிய கடைகள் திறக்காது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என்னிடம் இருந்தது இரண்டு ஆழாக்கு அரிசியும் அரைப் பாட்டில் ஊறுகாயும்.

பொதுச் சமையலறையில் நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டாள் என் வகுப்புத் தோழி. கடைசியாகக் கிளம்பிக்கொண்டிருந்தவள் பையைக் கீழே வைத்தாள். அவள் அம்மாவுக்குப் போன் போட்டு இரண்டு நிமிடம் பேசினாள். என்னிடம் திரும்பிக் கேட்டது ஒரே கேள்வி. "நீ கறி சாப்பிட மாட்டாய், முட்டை சாப்பிடுவாயா?" சாப்பிடுவேன் என்றேன். அன்று சாயங்காலமே அவள் ஊரான டார்னுவ் போகும் ரயிலில் இருந்தோம்.

மறுநாள் புனித சனி. அங்கே வீட்டுக்கு வீடு ஒரு பிரம்புக் கூடை எடுத்துக் கோவிலுக்குப் போவார்கள். அவித்த முட்டை, ரொட்டி, கொத்துக்கறிக் குழல், முள்ளங்கி போல ஒரு காரக் கிழங்கு, வெண்ணெயில் பிடித்த ஆட்டுக்குட்டி. அந்தக் குட்டிக்குக் கண் இரண்டு மிளகு! வெங்காயத் தோலைப் போட்டு அவித்த முட்டை கருஞ்சிவப்பாக, நம் செம்மண் நிறத்தில் இருந்தது. தோழியின் பாட்டி அத்தனையும் அடுக்கி, மேலே வெள்ளைத் துணி போர்த்தினார். கடைசியாக ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தை என் உள்ளங்கையில் வைத்தார். உப்பு.

அவர் பேசும் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்த பிள்ளை வெறுங்கையோடு வரக் கூடாது என்று நினைத்திருக்கிறார். உப்பு சிந்தாமல் அந்தக் குளிரில் ஒரு மைல் நடந்தேன். கோவில் முற்றத்தில் வரிசையாகக் கூடைகள். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். என் கையிலிருந்த கிண்ணத்திலும் நாலு துளி விழுந்தது.

ஞாயிறு விடியலில் உயிர்ப்புப் பூசை, கோவிலைச் சுற்றிப் பவனி. வீடு திரும்பியதும், மந்திரித்த முட்டையைத் துண்டு போட்டு ஒருவருக்கொருவர் கொடுத்து வாழ்த்திக்கொள்கிறார்கள். அந்த உப்பைத் தொட்டுச் சாப்பிட்டபோது அம்மா இதைச் சொல்லச் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்றேன். தோழி மொழிபெயர்த்தாள். பாட்டி எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். வைத்துவிட்டு ஒன்று சொன்னார்: "எங்களுக்கு முதலில் உப்பிட்டது உங்கள் மகாராஜா."

இது வரலாறு. இரண்டாம் உலகப் போரில் சோவியத் நாட்டுக்குக் கடத்தப்பட்டு, அங்கிருந்து மீண்டு வந்த போலந்துக் குழந்தைகளை 1942-ல் ஏற்றுக்கொண்டவர் நவாநகர் மகாராஜா திக்விஜய்சிங்ஜி. குஜராத்தில் பாலாசடி என்ற இடத்தில் முகாம் போட்டு வளர்த்தார். அடுத்த ஆண்டு கோலாப்பூர் பக்கம் வலிவடேயில் இன்னொரு முகாம். சுமார் 5,000 பேர் அங்கே தங்கினார்கள், 1948 வரை. வார்சா நகரில் இன்று 'நல்ல மகாராஜா' பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது. எழுபது எண்பது வருடம் கழித்தும் மறக்கவில்லை பாருங்கள். உள்ளளவும் நினைப்பது என்றால் அதுதான்.

திங்கட்கிழமை ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும் நாள். நம்மூரில் முறைமாமன் மேல் மஞ்சத்தண்ணி ஊற்றுவோமே, அதே கூத்துதான். அதை விவரிக்க நேரமில்லை. மொழியைப் பற்றி இன்னொரு மேடையில் பேசுகிறேன். நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு.

போன பொங்கலுக்கு நம் ஊர் விடுதி ஒன்றுக்குப் போனேன். மெஸ் நாலு நாள் பூட்டு. மணிப்பூர்ப் பிள்ளைகள் மூன்று பேர், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு தம்பி, நால்வரும் வராந்தாவில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். சுற்றிலும் தெருவெல்லாம் பொங்கல் பொங்குகிறது, குலவை கேட்கிறது. அந்தத் தம்பி என்னிடம், "அக்கா, இது என்ன சத்தம்?" என்று கேட்டான். அன்றைக்கு எனக்குத் தொண்டை அடைத்தது, இப்போதும் அடைக்கிறது. தென்னாட்டு ஆக்ஸ்ஃபோர்டு என்று பேர் வாங்கிய ஊர் இது. படிக்க வந்த பிள்ளை பண்டிகை நாளில் பட்டினி கிடக்கலாமா?

காப்பாளர் ஐயாவிடம் பேசிவிட்டேன். விடுமுறையில் ஊருக்குப் போக முடியாத பிள்ளைகள் பட்டியலைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்கு என் நன்றி. நமக்கு வேண்டியது வீடுகள். பெரிய விருந்து வேண்டாம். ஒரு இலை கூடப் போடுங்கள், பானை பொங்கும்போது பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பேர், தெரு, போன் நம்பர். கடைசிக் கட்டத்தில் உங்கள் வீடு சைவமா அசைவமா என்று மறக்காமல் எழுதுங்கள். வருகிற பிள்ளையிடமும் அதைக் கேட்டு வைக்கிறோம். முதல் பேராக என் அம்மா பேரை எழுதியிருக்கிறேன். இரண்டாவது வரி காலியாக இருக்கிறது, மாமன்ற உறுப்பினர் அண்ணாச்சி. நன்றி, வணக்கம்.