குவாத்தமாலா மலைநாட்டில் மிஷனரிகளின் ஒரு நாள்

(திரையில்: கேட்சால்டெனாங்கோ நகரத் தெரு. பெயர்ப்பட்டை அணிந்த இரண்டு இளைஞர்கள் நடந்து போகிறார்கள்.)

வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை. இவர்கள் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் ஊழியர்கள், அதாவது மிஷனரிகள். மார்மன் சபை என்றால் பலருக்கும் தெரியும். ஆண்களுக்கு 24 மாத ஊழியம், பெண்களுக்கு 18 மாதம். சம்பளம் கிடையாது. அமெரிக்காவிலிருந்து வருபவர் என்றால், 2020 ஜூலை முதல் மாதம் 500 டாலரை அவரோ குடும்பமோ சபைக்குக் கட்ட வேண்டும். எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் தொகை ஒன்றுதான்.

ஸ்பானிஷ் தெரியாதவருக்குச் சுமார் 6 வாரப் பயிற்சி. அது போதாது. அதிலும் கேட்சால்டெனாங்கோவைச் சுற்றியுள்ள கிராமங்களில் பலருக்குத் தாய்மொழி கிச்சே அல்லது மாம் என்ற மாயா மொழிகள்; ஸ்பானிஷ் அவர்களுக்கும் இரண்டாம் மொழி. மனப்பாடம் செய்த நீளமான வாக்கியங்களை அங்கே ஒப்பித்தால் கேட்பவர் மரியாதைக்குத் தலையாட்டுவார், ஒன்றும் விளங்கியிருக்காது. சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசி, நடுநடுவே கேள்வி கேட்பதுதான் வழி.

காலை 6:30க்கு எழுகிறார்கள். உடற்பயிற்சி, ஜெபம், வேதவாசிப்பு, மொழிப் படிப்பு எல்லாம் முடிந்தபிறகே வெளியே கிளம்புவார்கள். இரவு 10:30க்குத் தூக்கம். ஊழியர்கள் ஜோடியாகவே இருப்பார்கள்; கூட இருக்கும் துணை ஊழியர் எப்போதும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இருபத்துநான்கு மணி நேரமும் ஒன்றாக இருந்தால் உரசல் வரத்தான் செய்யும். அதனால் வாரம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து மனத்தாங்கலைப் பேசித் தீர்ப்பது கட்டாயம். இதைத் தள்ளிப்போடுகிற ஜோடியின் ஊழியம்தான் முதலில் படுக்கிறது.

(திரையில்: கான்கிரீட் தொட்டி, அருகே பிளாஸ்டிக் குவளை.)

இதன் பெயர் பீலா. வாடகை வீட்டில் முதலில் பழக வேண்டியது இதைத்தான். நடுவில் ஆழமான தண்ணீர்த் தொட்டி. பக்கங்களில் ஆழமில்லாத மேடை, ஒன்றில் துணி தேய்க்க வரிவரியான தளம். குவளையால் நடுத்தொட்டியிலிருந்து மொண்டு, பக்கத்து மேடையில்தான் துவைக்க வேண்டும். சோப்புக் கையை நடுத்தொட்டியில் விட்டால் வீட்டுக்கே சேமித்த தண்ணீர் பாழ். பல பகுதிகளில் குழாயில் சில மணி நேரமே தண்ணீர் வரும் என்பதால், வீட்டுக்கார அம்மா கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். மழை பெரும்பாலும் மதியத்துக்குமேல் இறங்கும். காலையிலேயே துவைத்துப் போடாவிட்டால் துணி காயாது.

குடிநீரில் அலட்சியம் கூடாது. குழாய்த் தண்ணீரைக் குடிக்க மாட்டோம் என்று உறுதியாக இருப்பவர்கள்கூட அதே தண்ணீரில் வாய் கொப்பளித்து வயிற்றுப்போக்கை வாங்கிக்கொள்கிறார்கள். பல் துலக்கவும் சுத்தமான தண்ணீர்தான் வேண்டும். நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,330 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். தளதளவென்று கொதி வந்தபின் 3 நிமிடம் விட வேண்டும். கொதிக்க வைக்க முடியாவிட்டால், தெளிந்த தண்ணீர் லிட்டருக்கு 2 சொட்டு, வாசனை சேர்க்காத 6 சதவீத குளோரின் பிளீச் திரவம். கலந்து 30 நிமிடம் காத்திருந்து குடிக்கலாம்.

குளியலறையில் இன்னொரு ஆபத்து, ஷவர் தலையிலேயே பொருத்திய மின்சார ஹீட்டர். தண்ணீரைக் குறைத்தால் சூடு ஏறும். மிகவும் குறைத்தால் ஹீட்டர் நின்றுவிடும். எர்த் கொடுக்காத இணைப்பாக இருந்தால் குழாய்த் திருகில் ஷாக் அடிக்கும். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டால் மட்டும் போதாது. வீட்டுக்காரரிடம் சொல்லி வயரிங்கைச் சரிசெய்யும்வரை பக்கெட் குளியலே நல்லது.

மதிய உணவு பல நாள் சபை விசுவாசிகளின் வீட்டில். கறுப்பு பீன்ஸ், துணியில் பொதிந்த சூடான சோள ரொட்டியான தோர்தியா. இது காப்பி விளையும் நாடு, இந்த ஊழியர்களோ காப்பியும் தேநீரும் தொடாதவர்கள். ஊற்றி நீட்டிய கோப்பையை மறுத்தால் வீட்டார் மனம் சுருங்கும். சாப்பிட வர ஒப்புக்கொள்ளும்போதே சொல்லிவிட்டால் சோளக் கஞ்சியான ஆத்தோலோ செம்பருத்தி வகைப் பூவில் செய்த பானமோ வந்துவிடும். சாப்பிட்டு முடித்ததும் எல்லோரையும் பார்த்து "முச்சாஸ் கிராசியாஸ்" (மிக்க நன்றி) சொல்ல வேண்டும். "புவேன் ப்ரோவெச்சோ" (சாப்பாடு உடம்பில் ஒட்டட்டும்) என்று பதில் வரும். இதைச் சொல்லாமல் எழுந்துபோவது மரியாதையில்லை.

கதவு கதவாகத் தட்டுவதில் பலன் குறைவு. உள்ளூர் விசுவாசி ஒருவர் கூட வந்து அறிமுகம் செய்தால் அந்த வீட்டில் நிதானமாக உட்கார்ந்து பேசலாம். தெருநாய் கடித்தால் சந்திப்பை விட்டுவிட்டு, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, நேரே மருத்துவரிடம் ரேபிஸ் ஊசிக்குப் போக வேண்டும். செங்கல் சுமப்பது, சோளம் உதிர்ப்பது போன்ற உதவிக்கு அழைத்தால் பழைய உடுப்பில் போய் வேலையை மட்டும் செய்துவிட்டு வருவதே அழகு. அன்றைக்கே மதப் பாடம் தொடங்கினால் உதவிக்கு விலை கேட்பதுபோல் ஆகிவிடும்.

ஞானஸ்நானம் முழுக்குதான். தொட்டி நிரம்ப நேரமாகும், காலையிலேயே குழாயைத் திறந்துவிட வேண்டும். இரண்டு சாட்சிகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தலைமுடியோ உடையின் ஓரமோ தண்ணீருக்கு மேல் தெரிந்தால் மறுபடி முழுக்கு.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரலாம். யார் எந்த நேரம் வீட்டில் இருப்பார், யாருக்கு ஜெபிப்பதாக வாக்குக் கொடுத்தோம், எந்த வீட்டில் நாய் உண்டு என்பதை அன்றன்றே பதிவேட்டில் எழுதி வைத்தால்தான் அடுத்து வருகிறவர் முதல் நாளே அந்த வீடுகளுக்குப் போக முடியும்.