காய்ச்சலும் ஈறில் இரத்தமும்

நேயர்களுக்கு வணக்கம். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணோக்கியில் அணுக்களைப் பார்த்துச் சொல்லும் மருத்துவர் நான். ஏ.எம்.எல். எனப்படும் அக்யூட் மைலாய்டு லுகேமியா பற்றிப் பேச வந்திருக்கிறேன். எலும்பு மஜ்ஜையில் தொடங்கும் இரத்தப் புற்றுநோய் இது. தொட்டால் ஒட்டாது, பெரும்பாலும் பரம்பரையாகவும் வருவதில்லை.

சிவப்பணு, வெள்ளையணு, இரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்) மூன்றும் மஜ்ஜையில்தான் உற்பத்தியாகின்றன. அங்கே ஓர் இளம் அணுவின் மரபணு கோளாறாகி, அது முதிராமலே பெருகத் தொடங்கிவிடுகிறது. இதைத்தான் பிளாஸ்ட் என்கிறோம். மஜ்ஜையை அது அடைத்துக்கொண்டால் நல்ல அணுக்கள் உருவாக வழியில்லை. சிவப்பணு குறைந்தால் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். சரியான வெள்ளையணு இல்லாததால் காய்ச்சல் விடாது. தட்டணு குறைந்தால் பல் தேய்க்கும்போது ஈறில் இரத்தம் வரும், காலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். கொசுக்கடி என்றால் அரிக்கும். இந்தப் புள்ளிகள் அரிக்காது, விரலால் அழுத்தினாலும் மறையாது.

எனக்கு வருத்தமெல்லாம் இங்கேதான். பாகூர், பண்ருட்டி, கடலூர் முதுநகர் என்று எங்கிருந்து வந்தாலும் பலர் சொல்வது ஒன்றுதான்: மெடிக்கலில் மாத்திரை வாங்கினோம், இரத்தம் ஊற டானிக் குடித்தோம், டெங்கு என்று நினைத்துப் பப்பாளி இலைச் சாறு கொடுத்தோம். டெங்குவில் குறைந்த தட்டணு சில நாட்களில் தானாக ஏறிவிடும். ஏறவில்லை, ஹீமோகுளோபினும் இறங்குகிறது என்றால் அன்றைக்கே ஸ்மியர், அதாவது நுண்ணோக்கியில் இரத்த அணுக்களைப் பார்க்கும் சோதனை, செய்யச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் முற்றும் நோய் இது.

ஸ்மியர் பெரிய செலவில்லை. ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, லெய்ஷ்மன் சாயம் ஊற்றிப் பார்ப்போம். பிளாஸ்ட் அணுவில் ஊதா நிற உட்கரு ஏறக்குறைய முழு இடத்தையும் பிடித்திருக்கும். சிலவற்றில் ஓரமாகச் சிவப்பு ஊசி ஒன்று தெரியும். ஆவர் ராட் என்று அதற்குப் பெயர். அந்த ஊசிகள் கட்டுக்கட்டாகத் தெரிந்தால் ரிப்போர்ட் டைப் ஆகும்வரை நான் காத்திருப்பதில்லை, உடனே வார்டுக்குப் போன் செய்துவிடுவேன். அது ஏ.பி.எல். என்ற வகையாக இருக்கலாம். மூளையில் இரத்தம் கசிந்து ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கக்கூடியது. ஆனால் தாமதமில்லாமல் ஏட்ரா மாத்திரையும் ஆர்சனிக் மருந்தும் கிடைத்தால் பெரும்பாலோர் குணமாகும் வகையும் அதுதான்.

அடுத்தது மஜ்ஜைப் பரிசோதனை. "முதுகுத் தண்டில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும்" என்று கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குக் கூட்டிப் போனவர்கள் உண்டு. ஊசி போடுவது தண்டுவடத்தில் இல்லை. மரக்கச் செய்து, இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் போடுகிறார்கள். மஜ்ஜையில் பிளாஸ்ட் 20 சதவீதத்தைத் தொட்டால் பொதுவாக ஏ.எம்.எல். என்று முடிவு செய்வோம். எந்த வகை என்பதை மரபணுச் சோதனை சொல்லும்.

உடல் தாங்குகிறவர்களுக்கு வழக்கமான முதல் கீமோ, சைட்டராபின் 7 நாள், அதோடு டானோரூபிசின் 3 நாள். முதியவர்களுக்கு இதைவிட மென்மையான மருந்துகள் உண்டு. கீமோவுக்குப் பிறகு அணுக்கள் அடியோடு இறங்கும். அந்த வாரங்களில் நோயாளியைத் தாங்குவது பிறர் தரும் தட்டணுதான். அதைச் சாதாரணமாக 5 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஆகவே கொடையாளிகள் வந்துகொண்டே இருக்க வேண்டும். நீங்கள் கொடை தரும்போது இயந்திரம் தட்டணுவை மட்டும் பிரித்துக்கொண்டு மீதி இரத்தத்தை உங்கள் உடம்புக்கே திருப்பிவிடும். 3 நாளுக்குள் ஆஸ்பிரின் சாப்பிட்டிருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புதுச்சேரி கோரிமேடு பக்கம் போகிறவர்கள் ஜிப்மர் மருத்துவமனை இரத்த வங்கியில், மற்றவர்கள் பக்கத்திலுள்ள இரத்த வங்கியில், உங்கள் இரத்த வகையையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். வணக்கம்.