திரை விலகும் முன் நான்கு நிமிடம்

அவையோருக்கு வணக்கம்.

பாட்டும் நடனமுமாகக் கதை சொல்லும் மேடை மியூசிகல்களில் நாடகம் தொடங்குவதற்கு முன், குரல் இல்லாமல் வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் பகுதிக்கு ஓவர்ச்சர் என்று பெயர். முன்னிசை என்று சொல்லிக்கொள்வோம். 1940களிலும் 50களிலும் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் பெரும்பாலான மியூசிகல்களுக்கு முன்னிசை இருந்தது. இன்று முழு நீள முன்னிசையோடு வரும் புதிய நாடகம் அபூர்வம். அதனால் சில நல்ல நாடகங்கள் எதை இழந்து நிற்கின்றன என்பதுதான் இன்றைய பேச்சு.

முன்னிசை என்றால் வரப்போகும் பாட்டுகளுக்கு விளம்பரம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அது அதன் சின்ன வேலை. பெரிய வேலை, மெட்டைக் காதில் விதைப்பது. ஒரு மெட்டு நாடகத்தில் மூன்று இடத்தில் வந்து மூன்று இடத்திலும் பொருள் மாறுகிறது என்றால், முதல் முறை வரும்போதே அது கேட்ட மெட்டாக இருக்க வேண்டும். அப்போதுதான் மாற்றம் நெஞ்சில் தைக்கும்.

1959இல் வந்த 'ஜிப்ஸி'யைக் கேளுங்கள். இசை ஜூல் ஸ்டைன். அதை வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதியவர்கள் சிட் ராமினும் ராபர்ட் கின்ஸ்லரும். எடுத்த எடுப்பிலேயே பித்தளை ஊதுகருவிகள் நான்கே சுரத்தை முழங்குகின்றன. ரோஸ் என்ற அந்தத் தாய் தன் கனவைச் சொல்லும்போதெல்லாம் அந்த நான்கு சுரம் வருகிறது. கடைசியில் வெற்று மேடையில் தனியாக நின்று உடையும்போதும் அதுதான் வருகிறது. அந்த இடத்தில் அரங்கம் உறைந்து போவதற்குப் பாதிக் காரணம், முதல் நிமிடத்தில் விதைத்த அந்த நான்கு சுரம்.

எல்லா நாடகத்துக்கும் இது வேண்டும் என்று சொல்ல வரவில்லை. 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' ஒற்றை வயலினோடு தொடங்குகிறது. அதற்கு முன்னால் முழுக் குழுவையும் முழங்க விட்டால் அந்த வயலின் செத்துப்போகும். 'எ கோரஸ் லைன்' நடனத் தேர்வின் நடுவில், பியானோவோடு ஆரம்பிக்கிறது. அதையும் தொடக் கூடாது. 'கரூசல்' நாடகத்துக்கு ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் முன்னிசையே எழுதவில்லை. ஜனங்கள் பேசிக்கொண்டும் இருக்கை தேடிக்கொண்டும் இருப்பதால் முன்னிசை சரியாகக் காதில் விழுவதில்லை என்பது அவர் குறை. திரையைத் தூக்கிவிட்டு, மூன்றடித் தாள நடன இசையான ஒரு வால்ட்ஸுக்கு ஊமைக் காட்சியாகவே கதையைத் தொடங்கிவிட்டார்.

அவர் சொன்ன குறை நியாயமானது. எழுதும் முறையிலேயே அதற்கு மருந்து இருக்கிறது. முதல் 8 பார்களை, அதாவது தாளத்தின் 8 சுற்றுகளை, அழைப்பாக மட்டும் எழுத வேண்டும்: பித்தளை, டிரம்ஸ், குறுகிய இசைத்தொடர். முக்கியமான மெட்டை அங்கே முழுதாக வைத்தால் வீண். 'ஜிப்ஸி' போலத் துணுக்காக வைக்கலாம். பிறகு நடுத்தர வேகத்தில் ஒரு பாட்டு. மூன்றாவதாகத்தான் மெல்லிய காதல் பாட்டு. அதற்குள் அரங்கம் அடங்கியிருக்கும். அதன்பின் வேகம், கடைசியில் பெரிய மெட்டு. நான்கு நிமிடத்துக்கு நான்கு அல்லது ஐந்து மெட்டு போதும். ஏழெட்டைத் திணித்தால் எதுவும் நிற்காது.

எந்தப் பாட்டையும் முழுதாக வாசித்துவிடக் கூடாது. பல்லவிக்குரிய 16 பார்களோடு நிறுத்துங்கள். நடுப் பகுதியையும் உச்ச சுரத்தையும் பாடகருக்கு விட்டுவையுங்கள். அதை வாத்தியம் முன்பே தின்றுவிட்டால், பாடகர் அந்த உச்சத்தைத் தொடும்போது புதுமை இருக்காது.

பாடகரின் சுருதியையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வாத்தியங்களுக்கு எது துலங்குமோ அந்தச் சுருதிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு மெட்டிலிருந்து அடுத்ததற்குப் போக இரண்டு முதல் நான்கு பார் இணைப்பு வேண்டும். அது நீண்டால் தையல் தெரியும்.

மேடைக்கு முன்னால் இசைக்குழுவுக்கான பள்ளமான பிட்டில் உட்கார்ந்திருப்பவர்களையும் நினைக்க வேண்டும். முதல் ட்ரம்பெட்காரருக்கு வாரம் 8 காட்சி. உதடு சூடேறாத முதல் நிமிடத்திலேயே உச்ச சுரங்களை அடுக்கினால், இரண்டாம் அங்கத்தில் சுரம் உடையும். ஃபுளூட் வாசிப்பவரே கிளாரினெட்டும் சாக்ஸஃபோனும் வாசிப்பார். ஒன்றை வைத்து மற்றொன்றை எடுக்க அவருக்குச் சில பார் ஓய்வு கொடுங்கள். எடுத்த உடனே தனி வாசிப்பு எழுதினால், குளிர்ந்து கிடந்த கிளாரினெட் சுருதி இறங்கி ஒலிக்கும். வயலின் மூன்றே இருந்தால் காதல் மெட்டை அவற்றுக்குத் தராதீர்கள், மெலிந்து போகும். ஒரு செல்லோவுக்கோ ஹார்னுக்கோ கொடுத்தால் அதே மெட்டு நிறைந்து ஒலிக்கும்.

முன்னிசையைக் கடைசியில்தான் எழுத வேண்டும். முன்னோட்டக் காட்சிகளில் பாட்டுகள் வெட்டப்படும், புதிதாகச் சேரும். முன்கூட்டியே எழுதிவிட்டால், நாடகத்தில் இல்லாத பாட்டு முன்னிசையில் தங்கிவிடும்.

முன்னிசை திரைக்கு முன்னால்தான் வர வேண்டும் என்ற விதியும் கிடையாது. 1986இல் லண்டனில் வந்த 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஆப்ரா'வில் முதலில் ஏலக் காட்சி. அது முடிந்து சரவிளக்கு மேலே எழும்போதுதான் ஆர்கன் முழங்குகிறது. காலம் பின்னோக்கிப் போவதை அந்த இசையே செய்துவிடுகிறது. 'சவுத் பசிஃபிக்' 2008இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் மறுபடி மேடையேறியபோது, முன்னிசையின் நடுவில் மேடைத் தளம் பின்வாங்கி, அடியில் இருந்த 30 கலைஞர்களைக் காட்டியது. யாரும் இருக்கை தேடவில்லை, கை தட்டினார்கள்.

இப்போது முன்னிசை வேண்டிய நாடகங்கள். 2003இல் வந்த 'விக்கெட்' ஒன்று. இடி போன்ற சில நொடிக் குழுவிசை முடிந்ததும் கூட்டம் பாட ஆரம்பித்துவிடுகிறது. அந்த நாடகத்தின் உயிர் வேறொரு ஏழு சுரத்தில் இருக்கிறது. கதாநாயகி எல்ஃபபா தன் எதிர்காலத்தை எண்ணிப் பூரிக்கும்போது அது வருகிறது. முதல் அங்கத்தின் முடிவில் தோழியைத் தன்னோடு அழைக்கும்போது வருகிறது. பிரியும் வேளையில், தன் எல்லையை ஒப்புக்கொள்ளும்போதும் வருகிறது. அந்த ஏழு சுரத்தை ஒரே ஒரு ஹார்ன், அவசரமில்லாமல், முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய தேவை 'லே மிஸராப்ல்' நாடகத்துக்கு. நீளம்தான் தடை. பிராட்வேயில் 3 மணி நேரம் தாண்டினால் ஓவர்டைம் சம்பளம் தர வேண்டும். அதற்காகவே பின்னாளில் அதை வெட்டிச் சுருக்கினார்கள். ஆகவே 90 நொடி மட்டும் கேட்போம். இடம்: சிறையிலிருந்து வந்த கதாநாயகன் வால்ஜான் பழைய வாழ்க்கையை உதறிவிட்டுப் போகும் தொடக்கப் பகுதியின் முடிவு. கதை அங்கே 8 ஆண்டு தாண்டுகிறது. நிமிடத்துக்கு 72 அடி வேகம், நான்கடித் தாளம் என்று வைத்தால் 27 பார் கிடைக்கும். வால்ஜானின் தனிமொழி மெட்டு இப்போதுதான் முடிந்தது, அதை எடுக்காதீர்கள். பிஷப் அவனை வீட்டுக்குள் அழைத்த மெட்டை எடுங்கள். காட்சியில் அது சில வரிகளில் கடந்துவிடுகிறது; பலர் கவனிப்பதே இல்லை. அதை 8 பார், ஒற்றைச் செல்லோவுக்கு. அடுத்த 12 பார் புரட்சிப் பாட்டு, தூரத்திலிருந்து வருவது போல ஹார்ன்களில். மீதி 7 பாரில் வேகம் ஏறி, கைதட்டலுக்கு இடம் விடாமல், நேராகத் தொழிற்சாலைக் காட்சிக்குள் விழ வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து, செத்துப்போன நண்பர்களின் வெற்று நாற்காலிகளைப் பார்த்து மாரியஸ் என்ற இளைஞன் பாடுவான். அதே பிஷப்பின் மெட்டு.