அவர் ஏற்கெனவே காலை வாரிவிட்டார்

வணக்கம் நேயர்களே.

அடுத்தவர் என்ன செய்வார் என்பதையும் கணக்கில் வைத்து முடிவெடுப்பதை ஆராயும் ஆட்டக் கோட்பாட்டில் 'கைதிகளின் இக்கட்டு' என்று ஓர் ஆட்டம் உண்டு. 1950-இல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் முதலில் ஆடிப் பார்த்தார்கள். கைதிக் கதையைச் சேர்த்தவர் ஆல்பர்ட் டக்கர் என்ற கணித அறிஞர். கதையை விடுங்கள், கணக்குக்கு வருவோம்.

இரண்டு பேர். ஒத்துழைத்தால் ஆளுக்கு 3 ரூபாய். ஒருவர் மட்டும் காலை வாரினால் அவருக்கு 5, மற்றவருக்குப் பூஜ்யம். இருவருமே வாரினால் ஆளுக்கு 1. எதிராளி என்ன செய்தாலும் வாருவதுதான் எனக்கு லாபம். அவருக்கும் அப்படியே. ஆக, 3 ரூபாய் வாங்கியிருக்க வேண்டிய இருவரும் ஒரு ரூபாயோடு எழுந்து போகிறோம்.

இதில் 'எனக்கு எவ்வளவு' என்ற கேள்வி மட்டுமே இருக்கிறது. 'அவருக்கு எவ்வளவு' என்பதும் மனதில் ஓடினால்? கான்சஸ் பல்கலைக்கழக உளவியலாளர் டேனியல் பேட்சன் இதைச் சோதித்தார். அவரும் நாடியா அஹ்மதும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு கொஞ்சம் குசும்பானது. எதிராளி ஏற்கெனவே காலை வாரிவிட்டார் என்று சொல்லிவிட்டுத்தான் ஆட விட்டார்கள். ஒரே சுற்று, பின்னால் பலன் வரும் என்ற நப்பாசைக்கும் இடமில்லை. அப்படியும் ஒத்துழைத்தவர்கள் 5 சதவீதம்.

வேறு சிலருக்கு, எதிராளி எழுதியதாக ஒரு சீட்டு கொடுத்தார்கள். காதலன் விட்டுப் போய்விட்டான், மனசே சரியில்லை என்று அதில் இருந்தது. சீட்டும் சரி, எதிராளியும் சரி, ஆய்வாளர்களின் ஏற்பாடுதான். அவள் மனம் என்ன பாடுபடும் என்று நினைத்தபடி படிக்கச் சொன்னபோது, ஒத்துழைத்தவர்கள் 45 சதவீதம்! அதே சீட்டை விலகி நின்று படிக்கச் சொன்னபோது வெறும் 10. எனக்கு அந்த 45-ஐ விட இந்த 10தான் உறுத்துகிறது. விஷயம் தெரிந்திருந்தும் பலர் அசையவில்லை.

சரி, பரிவு வந்துவிட்டால் போதுமா? இதே பேட்சன் குழு 1995-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. கையில் இருப்பதைத் தனக்கே வைத்துக்கொள்ளலாம், குழுவின் பொதுக் கணக்கில் போடலாம், குழுவில் ஒருவருக்கு மட்டும் கொடுக்கலாம். ஒருவர்மீது மட்டும் பரிவு எழுந்தவர்கள் அவருக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். பொதுக் கணக்குக்குப் போனது குறைந்தது. தங்களுக்காக அல்ல, இன்னொருவருக்காகவே பொதுவுக்குக் குறை வைத்துவிட்டார்கள். ரேஷன் வரிசையில் தெரிந்தவரை முன்னால் விடும் கடைக்காரரும் கெட்டவர் இல்லையே. பின்னால் நிற்பவர்களின் கதை அவர் காதுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

நன்றி, வணக்கம்.