நான்காவது ஸ்பிரிங் தேவையா? ட்ரெமோலோ பற்றி ஒரு நேயரின் சந்தேகம்

வணக்கம். இந்த முறை ஒரே ஒரு கேள்விதான், ஆனால் நீளமான பதில் கேட்கும் கேள்வி. முதலில் படித்துவிடுகிறேன்: "என்னிடம் இருப்பது ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டார். 9-42 தந்திகளிலிருந்து 10-46க்கு மாறினேன். பிரிட்ஜின் பின்பக்கம் மேலே தூக்கிக்கொண்டது. பின்னால் மூன்று ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. இன்னும் இரண்டு போட வேண்டுமா, இல்லை, கனமான ஸ்பிரிங்குகளாக மாற்ற வேண்டுமா? இன்னொன்று, ஆர்மை அழுத்திவிட்டால் ஜி தந்தி சுருதிக்குத் திரும்புவதில்லை."

புதியவர்களுக்காகச் சில சொற்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 9-42, 10-46 என்பவை ஒரு செட்டில் மிக மெல்லிய தந்தியின் தடிமனும் மிகத் தடித்த தந்தியின் தடிமனும், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில். பிரிட்ஜ் என்பது கிட்டாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் தகடு. அதை அசைத்துச் சுருதியை மாற்றும் கம்பிதான் ஆர்ம். இந்த அமைப்பு முழுவதையும் ட்ரெமோலோ என்கிறோம். இனி பதில்: எதையும் வாங்க வேண்டாம் நண்பரே. கையில் பொருத்தமான ஸ்க்ரூடிரைவர் இருந்தால் போதும்.

காரணம் இதுதான். கிட்டாரைத் திருப்பிப் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். பிரிட்ஜின் அடியில் தொங்கும் கனமான உலோகக் கட்டைதான் பிளாக். அதில் ஐந்து துளைகள் இருக்கும். எதிரே, கழுத்துப் பக்கம், ஐந்து கொக்கிகள் உள்ள தகட்டை இரண்டு நீள ஸ்க்ரூக்கள் மரத்தோடு பிடித்திருக்கும். அதற்குப் பெயர் கிளா. 1954இல் லியோ ஃபெண்டர் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரின் அமைப்பு இது. இன்றும் அடிப்படை மாறவில்லை. மேலே தந்திகள் பிரிட்ஜை முன்னோக்கிச் சாய்க்கப் பார்க்கின்றன, கீழே ஸ்பிரிங்குகள் அதைத் திரும்ப இழுக்கின்றன. இரண்டும் சமமாகும் இடத்தில் பிரிட்ஜ் நிற்கிறது.

9-42 தந்திகளை வழக்கமான சுருதியில் வைத்தால் ஆறும் சேர்ந்து இழுப்பது ஏறத்தாழ 39 கிலோ. 10-46 என்றால் ஏறத்தாழ 47 கிலோ. ஸ்பிரிங்குகளும் அதே 47 கிலோவை இழுக்க வேண்டும் என்பதில்லை. பிளாக் ஆழமாக இறங்கியிருப்பதால் நெம்புகோல் கணக்கில் அவற்றுக்குக் குறைவாகவே போதும். ஆனால் தந்தியின் பக்கம் கூடினால் ஸ்பிரிங்கின் பக்கமும் அதே விகிதத்தில் கூடியாக வேண்டும். உங்கள் கிட்டாரில் அது கூடவில்லை, பிரிட்ஜ் எழும்பிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

பலரும் இடறும் இடம் இனிமேல்தான். ஸ்பிரிங்கின் எண்ணிக்கை கூடினால் இழுவிசை கூடும் என்று நினைக்கிறோம். பிரிட்ஜ் சரியான உயரத்தில் நிற்கும்போது மூன்று இருந்தாலும் ஐந்து இருந்தாலும் மொத்த இழுவிசை ஒன்றுதான், ஏனென்றால் அதைத் தீர்மானிப்பவை தந்திகள். ஐந்து போட்டால் ஒவ்வொன்றும் குறைவாக நீண்டு நிற்கும். கிளாவைப் பிரிட்ஜின் பக்கமாகத் தளர்த்திக் கொண்டுவர வேண்டியிருக்கும். மாறுவது ஆர்மின் விறைப்பு. ஆர்மை அழுத்தும்போது ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் மேலும் நீட்டுகிறீர்கள். மூன்றை நீட்டுவதைவிட ஐந்தை நீட்டுவது கடினம். கனமான ஸ்பிரிங் வாங்குவதும் அதே விளைவைத்தான் தரும்.

ஆகவே எண்ணிக்கை என்பது உங்கள் கை கேட்கும் விஷயம். விரல் நுனியில் மெல்லிய அதிர்வு வேண்டும், ஆர்ம் பூப்போல அசைய வேண்டும் என்றால் மூன்று, சிலருக்கு இரண்டுகூட. ஒரு தந்தியை வளைத்து வாசிக்கும்போது பக்கத்துத் தந்திகள் சுருதி இறங்குவது உங்களுக்கு எரிச்சல் தருகிறது, உள்ளங்கையைப் பிரிட்ஜில் அழுத்தி வைத்து வாசிக்கும் பழக்கம் இருக்கிறது என்றால் நான்கு அல்லது ஐந்து. ஆர்மே வேண்டாம் என்பவர்களும் உண்டு. எரிக் கிளாப்டன் ஐந்து ஸ்பிரிங்குகளையும் மாட்டி, பிளாக்குக்குப் பின்னால் மரத்துண்டும் செருகி, பிரிட்ஜை அசையாமல் வைத்துக்கொண்டவர். நான் மூன்றின் கட்சி. பெரும்பாலான 10-46 கிட்டார்களுக்கு அது தாராளம். கிளாவை மரச்சுவரை முட்டும் வரை இறுக்கியும் பிரிட்ஜ் இறங்கவில்லை என்றால் மட்டும் நான்காவதைப் போடுங்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். சாதாரணமாகச் செய்தால் கிளாவை ஒரு சுற்று இறுக்குவீர்கள், சுருதி ஏறும், தந்திகளை இறக்குவீர்கள், பிரிட்ஜ் இன்னும் தாழும், மறுபடி சேர்ப்பீர்கள். அரை நாள் போய்விடும். அதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. பிரிட்ஜின் பின்விளிம்புக்கும் கிட்டாரின் உடலுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். ஃபெண்டர் சொல்லும் அளவு 3.2 மில்லிமீட்டர். பின்பு கிளா ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் தளர்த்தி, பிளாக்குக்கும் குழியின் வால்பக்கச் சுவருக்கும் நடுவே ஒரு மெல்லிய மரத்துண்டையோ அடுக்கிய அட்டையையோ வைத்து, பிரிட்ஜ் அந்த 3.2 மில்லிமீட்டரில் நிற்கும்படி பாருங்கள். தந்திகளின் இழுப்பே அந்தத் துண்டை நசுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிரிட்ஜ் இப்போது அசையாது. ஆறு தந்திகளையும் நிம்மதியாகச் சுருதி சேர்க்கலாம்.

அடுத்து இரண்டு ஸ்க்ரூக்களையும் மாற்றி மாற்றிக் கால் சுற்று, கால் சுற்றாக வலப்பக்கம் திருப்புங்கள். இடையிடையே மரத்துண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். முதலில் கல்லாக இருக்கும், பிறகு லேசாக நகரும், ஒரு கட்டத்தில் தானாக வழுக்கி விழும். விழும் அந்தக் கணத்தில் நிறுத்திவிடுங்கள். ஸ்பிரிங்கும் தந்தியும் சமமாகிவிட்டன. சுருதியை ஒரு முறை சரிபார்த்தால் மிகச் சிறிய திருத்தம்தான் மிஞ்சியிருக்கும்.

பிரிட்ஜ் உடலோடு ஒட்டி இருக்க வேண்டும், ஆர்மைக் கீழே மட்டும் அழுத்தினால் போதும் என்பவர்களுக்கு மரத்துண்டு தேவையில்லை. பிரிட்ஜ் ஒட்டும் வரை இறுக்கி, அதற்கு மேல் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் அரைச் சுற்று கொடுங்கள். தந்தியை வளைக்கும்போது பிரிட்ஜ் எழாது. அதற்கும் மேலே இறுக்கினால் ஆர்ம் கல்லாகிவிடும்.

சில சின்ன விஷயங்கள். கிளாவில் ஒரு ஒயர் சால்டர் செய்யப்பட்டிருக்கும். அது எர்த் ஒயர். ஸ்க்ரூடிரைவர் பட்டு அது அறுந்தால் ஆம்பிளிஃபயரில் இரைச்சல் கிளம்பும், பிக்கப்பைக் குறை சொல்வீர்கள். கிளாவைச் சாய்த்து வைக்க வேண்டுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தடித்த தந்திகளின் பக்கம் இழுப்பு கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை. ஆனால் பிரிட்ஜ் ஒரே கெட்டித் தகடு. நேராக வைத்தாலே போதும் என்பது என் கருத்து. தந்தியை நிறுத்திய பிறகும் உள்ளேயிருந்து கணகணவென்று ஓசை வந்தால், ஸ்பிரிங்குகளின் அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சு வையுங்கள். அதற்கென்று தனி ஸ்பிரிங் விற்கிறார்கள், ஸ்பாஞ்சும் அதே வேலையைச் செய்யும்.

கடைசியாக அந்த ஜி தந்தி. அதற்கும் ஸ்பிரிங்குக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. ஆர்மை அழுத்தி விட்டபின் சுருதி ஏறி நிற்கிறதா, இறங்கி நிற்கிறதா என்று ட்யூனரில் பாருங்கள். ஏறி நின்றால் தந்தி நட்டில், அதாவது கழுத்தின் முனையில் தந்திகள் பள்ளங்களில் உட்காரும் சிறிய கட்டையில், சிக்குகிறது. அழுத்தும்போது தந்தி தளர்ந்து ட்யூனிங் கீயின் பக்கம் கொஞ்சம் நழுவுகிறது, திரும்பி வர முடியாமல் பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது. நீங்கள் இப்போது தடித்த செட்டுக்கு மாறியிருப்பதால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது, 9-42 செட்டுக்கு அறுத்த பள்ளத்தில் 10-46 செட்டின் தந்தி இறுக்கமாகத்தான் உட்காரும். தந்தியைத் தூக்கி, பென்சில் கூரால் பள்ளத்தில் நன்றாகத் தேய்த்து மறுபடி வையுங்கள். அப்படியும் "டிக்" என்ற ஓசையோடு துள்ளினால் பள்ளத்தை அரம் வைத்து அகலப்படுத்த வேண்டும். அதற்குத் தந்தியின் தடிமனுக்கேற்ற தனி அரங்கள் இருக்கின்றன. அவை வைத்திருக்கும் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.