சீரியல் பார்த்த பையனும் பூட்டிக் கிடந்த நூலகமும்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, தலைமையாசிரியர் அம்மா அவர்களே, மைக் செட்டுக்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்ட தம்பி அவர்களே, பாயில் உட்கார்ந்து என் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே, வணக்கம். தலைவர் வாங்கிக் கொடுத்த மின்விசிறிகள் நன்றாக ஓடுகின்றன. மூன்றாவது மட்டும் கொஞ்சம் முனகுகிறது, பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று விஷயம் பேச வந்தேன்: தூக்கம், செல்போன், படிக்கிற முறை. எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் பாஸ். அதனால் படிக்கிற பழக்கம் வந்ததா இல்லையா என்பது ஒன்பதாம் வகுப்பில்தான் வெளுக்கிறது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். நான் முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்துக் கற்றது இந்த ஒரு வரிதான்.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன். அறிவியலில் எப்போதும் பத்துக்குள்தான் மார்க். புகார் சொல்ல அவன் வீட்டுக்கே போனேன். "தினமும் மூணு மணி நேரம் படிக்கிறான் சார்" என்றார் அம்மா. வாசலில் நின்று கேட்டேன். "பச்சையம், பச்சையம், பச்சையம்" என்று உள்ளே குரல். அம்மா அடுப்படிப் பக்கம் போனால் குரல் இறங்கும், திரும்பினால் ஏறும். கண் முழுக்க டிவியில்! புத்தகத்தை மூடிவிட்டு, பச்சையம் என்றால் என்னடா என்றேன். முழித்தான். சரி, சீரியலில் நேற்று என்ன நடந்தது? மாமியார் ஒளித்த நகையிலிருந்து மருமகளின் அண்ணன் வரை ஒன்று விடாமல் ஒப்பித்தான்.

எப்படி? கண் தெரியாத பாட்டிக்குத் தினமும் ராத்திரி அவன்தான் கதை சொல்கிறானாம். 1885இலேயே ஜெர்மனியில் எபிங்கவுஸ் என்பவர் தன்னையே சோதித்து, படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று எழுதிவைத்தார். மறக்காமல் இருக்க, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டும். நாள் விட்டுத் திரும்பவும் சொல்ல வேண்டும். பையன் அதைத்தான் செய்திருக்கிறான், சீரியலுக்கு! இனி பாடத்தையும் பாட்டிக்குச் சொல்லுடா என்றேன். பாடிக் கறக்கிற மாடு அது.

நாலாம் நாள் ஓடி வந்தான். "சார், இலை பச்சையா இருந்தாத்தான் சமைக்கும்னா, நம்ம வீட்டுக் குரோட்டன்ஸ் சிவப்பா இருக்கே, அது பட்டினியான்னு பாட்டி கேக்குது." எனக்கே தெரியவில்லை. நூலகத்துக்கு அழைத்துப் போனேன். பள்ளி விட்டு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பூட்டிவிட்டார்கள். மறுநாளும் பூட்டு. சனிக்கிழமைதான் பார்த்தோம்: சிவப்புக்கு அடியில் பச்சையம் ஒளிந்திருக்கிறது. அந்த மூன்று நாளில் பாட்டி ஆறு தடவை கேட்டுவிட்டாள்.

இங்கேதான் என் வழக்கு, அய்யா. நூலகச் சட்டம் 1948இலேயே வந்தது. சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி கட்டுகிறோம். பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரத்தில் திறந்து, அவர்கள் வரும்போது பூட்டினால் யாருக்கு நூலகம்? ராத்திரி எட்டு மணி வரை திறக்க வேண்டும். ஒரே அறையில் டிவியும் அடுப்பும் இருக்கும் வீட்டுப் பிள்ளை வேறு எங்கே போகும்?

தூக்கம், செல்போன் பற்றித் தலைமையாசிரியர் அம்மா என்னைவிட நன்றாகச் சொல்வார். வாசல் மேசையில் மனு இருக்கிறது, பேனா இரண்டுதான். கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சுண்டலுக்குப் போங்கள். முதல் கையெழுத்து தலைவர் அவர்களுடையதாக இருக்கட்டும்.