பென் டிஸ்ப்ளேயை லேப்டாப்ல மாட்டுறது: கேபிள்ல இருந்து முதல் கோடு வரைக்கும்

[காட்சி: மேசை மேல லேப்டாப், 13.3 அங்குல பென் டிஸ்ப்ளே, மூணு தலை கேபிள், பேனா.]

வணக்கம். பென் டிஸ்ப்ளேன்னா, பேனாவால திரை மேலயே வரையிற டேப்லெட். இதை முதல் தடவை மாட்டும்போது "திரை கருப்பாவே இருக்கு", "பேனாவை இங்க வெச்சா கர்சர் லேப்டாப்ல நகருது", "எவ்வளவு அழுத்தினாலும் கோடு ஒரே தடிமனா வருது"ன்னு சிக்கல் வரும். இதுல பெரும்பாலானது டேப்லெட்டோட குறை இல்ல. லேப்டாப்புக்கும் டேப்லெட்டுக்கும் நடுவுல மூணு விஷயம் தனித்தனியா ஓடுது: படம், பேனாவோட தகவல், பவர். எது அறுந்திருக்குன்னு பார்க்கத் தெரிஞ்சா, சரி பண்றது சுலபம். இன்னைக்கு ஹூயான் காம்வாஸ் 13-ஐ விண்டோஸ் 11 லேப்டாப்ல மாட்டுறோம். எக்ஸ்பி-பென், வேகாம் கம்பெனி டேப்லெட் வெச்சிருக்கிறவங்களுக்கும் முறை இதேதான், மெனு பேர்தான் கொஞ்சம் மாறும்.

[காட்சி: கேபிளோட மூணு தலையும் நெருக்கத்தில்.]

கேபிளைப் பாருங்க. டேப்லெட் பக்கம் ஒரே தலை, டைப்-சி. இந்தப் பக்கம் மூணு. எச்டிஎம்ஐ படத்துக்கு. கருப்பு யூஎஸ்பி பேனாவோட தகவலுக்கு. சிவப்பு யூஎஸ்பி பவருக்கு மட்டும்.

சிவப்பையும் லேப்டாப்லயே செருகிடலாம்னு தோணும். கணக்கு பாருங்க. யூஎஸ்பி 2.0 போர்ட் தர்றது 5 வோல்ட்ல 0.5 ஆம்பியர், அதாவது 2.5 வாட். யூஎஸ்பி 3.0 தர்றது 0.9 ஆம்பியர், 4.5 வாட். பிரைட்னஸை ஏத்தினா திரை இதுக்கு மேல கேக்கும். அப்பதான் திரை மினுக்கும், இல்லன்னா அணைஞ்சு அணைஞ்சு எரியும். அதனால சிவப்பை 5 வோல்ட் 2 ஆம்பியர் போன் சார்ஜர்ல மாட்டுங்க. சார்ஜர் மேல சின்ன எழுத்துல "அவுட்புட்"னு போட்டிருக்கும், அதைப் படிச்சுட்டு மாட்டுங்க. கருப்பை மட்டும் நேரா லேப்டாப்லயே மாட்டுங்க, பவர் இல்லாத ஹப் வழியா வேண்டாம்.

[காட்சி: லேப்டாப்போட டைப்-சி போர்ட், பக்கத்துல இருக்கிற குறி.]

ஒரே டைப்-சி கேபிள்ல மூணையும் முடிச்சுக்கலாமே? முடியும். ஆனா உங்க லேப்டாப்போட டைப்-சி போர்ட்ல படம் வெளிய வரணும். அதுக்குப் பேர் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட். பார்க்க ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு போர்ட்ல ஒண்ணுல படம் வரும், இன்னொண்ணு சார்ஜுக்கும் டேட்டாவுக்கும் மட்டும் இருக்கும். போர்ட் பக்கத்துல மின்னல் குறி, அதாவது தண்டர்போல்ட், இருந்தா படம் வரும். 'டி'க்குள்ள 'பி' அடங்கின மாதிரி குறி இருந்தாலும் வரும். குறியே இல்லன்னா, லேப்டாப் மாடல் நம்பரைப் போட்டுத் தேடி, கம்பெனி பக்கத்துல போர்ட் விவரத்தைப் படிச்சுட்டு கேபிள் வாங்குங்க.

கேபிளும் முக்கியம். போன் பெட்டியில வர்ற சார்ஜிங் கேபிள் ரெண்டு பக்கமும் டைப்-சியா இருந்தாலும், படத்தைக் கொண்டுபோற கம்பி பெரும்பாலும் அதுக்குள்ள இருக்காது. "வீடியோ சப்போர்ட்"னு தெளிவா போட்டிருக்கிற கேபிள்தான் வேணும்.

[காட்சி: டிரைவர் இன்ஸ்டால் ஆகும் திரை.]

அடுத்து டிரைவர், அதாவது டேப்லெட்டை லேப்டாப்புக்குப் புரிய வைக்கிற சாஃப்ட்வேர். இதுக்கு முன்னாடி வேற டேப்லெட் வெச்சிருந்தீங்களா? அந்த டிரைவரை முதல்ல அன்இன்ஸ்டால் பண்ணி, லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்ணுங்க. ரெண்டு டேப்லெட் டிரைவர் ஒண்ணா இருந்தா சண்டை போடும், பிரெஷர், அதாவது அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி கோட்டோட தடிமன் மாறுறது, வேலை செய்யாம போறதுக்கு இது முக்கியமான காரணம். வரையிற சாஃப்ட்வேர் எல்லாத்தையும் மூடிட்டு, கம்பெனியோட சொந்த இணையதளத்துல இருந்து உங்க மாடலுக்கான டிரைவரை இறக்கிப் போடுங்க. மறுபடி ஒரு ரீஸ்டார்ட்.

மேக் வெச்சிருக்கிறவங்க, சிஸ்டம் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குப் போய், ஆக்சஸிபிலிட்டி, இன்புட் மானிட்டரிங் ரெண்டுலயும் டிரைவருக்கு அனுமதி குடுக்கணும். குடுக்கலன்னா படம் வரும், பேனா அசையாது.

[காட்சி: விண்டோஸ் கீயும் பி-யும் அழுத்தும் விரல்கள்.]

இப்ப விண்டோஸ் கீயோட பி-யை அழுத்துங்க. டூப்ளிகேட், எக்ஸ்டெண்ட்னு வரும். எக்ஸ்டெண்டைத் தேர்ந்தெடுங்க. டூப்ளிகேட்ல என்ன தப்புன்னா, ரெண்டு திரையும் ஒரே ரெசல்யூஷனுக்கு வரணும். காம்வாஸ் 13 திரை 1920-க்கு 1080. இப்ப வர்ற லேப்டாப் நிறைய 1920-க்கு 1200. விகிதம் ஒத்துப்போகாம படம் மங்கும், ஓரத்துல கருப்புப் பட்டை விழும், இல்லன்னா வட்டம் நசுங்கும்.

எக்ஸ்டெண்ட் ஆனதும் டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல டேப்லெட் திரையோட ஸ்கேலை 125 இல்லன்னா 150 சதவீதம் வெச்சுக்கோங்க. 13 அங்குலத்துல 100 சதவீதம்னா மெனு எழுத்து கண்ணை உறுத்தும். வரையிற சாஃப்ட்வேரை அந்தத் திரைக்கு அனுப்ப, விண்டோஸ் கீ, ஷிஃப்ட், அம்புக்குறி மூணையும் சேர்த்து அழுத்துங்க.

[காட்சி: பேனா டேப்லெட் மேல, கர்சர் லேப்டாப் திரையில.]

இந்தக் கட்டத்துலதான் நிறைய பேர் பயந்துடுவாங்க. பேனா டேப்லெட்ல, கர்சர் லேப்டாப்ல. டிரைவரைத் திறந்து, வொர்க்கிங் ஏரியா பகுதியில எந்த மானிட்டர்னு கேக்கிற இடத்துல டேப்லெட் திரையைத் தேர்ந்தெடுங்க. அப்பவும் திரும்பலன்னா, கன்ட்ரோல் பேனல்ல டேப்லெட் பிசி செட்டிங்ஸ்ல செட்டப்னு ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினா எது பேனா திரைன்னு கேக்கும். டேப்லெட் திரையில அந்த வாசகம் வரும்போது பேனாவால தட்டுங்க, லேப்டாப் திரையில வந்தா என்டர் அழுத்தி அடுத்த திரைக்குப் போங்க.

அடுத்து கேலிப்ரேஷன், அதாவது பேனா முனை தொடுற இடத்துலயே கோடு விழ வைக்கிறது. திரையில வர்ற சிலுவைக் குறிகளை ஒண்ணொண்ணா பேனாவால தொடணும். நிமிர்ந்து உக்காந்து தொட்டுட்டு அப்புறம் குனிஞ்சு வரைஞ்சா கோடு தள்ளி விழும். ஏன்னா நீங்க பார்க்கிற கோணம் மாறுது. எப்படி உக்காந்து வரைவீங்களோ அதே சாய்வுல, அதே தூரத்துல வெச்சுத் தொடுங்க.

[காட்சி: பிளாஸ்டிக் பாட்டில் மூடியைத் திரையில வெச்சு சுத்தி வரையும் பேனா.]

சரியா அமைஞ்சிருக்கான்னு பார்க்க, ஒரு பிளாஸ்டிக் பாட்டில் மூடியைத் திரையில வெச்சு சுத்தி வரைஞ்சு பாருங்க. மூடியை எடுத்ததும் முழு வட்டம் இருக்கணும். நீள்வட்டமா வந்தா, பேனா பரப்பு ரெண்டு திரைக்கும் சேர்த்துப் பரவியிருக்கு, இல்லன்னா இன்னும் டூப்ளிகேட்ல இருக்கீங்க. காசை வெச்சுப் பார்க்காதீங்க. பேட்டரி இல்லாத இந்தப் பேனா திரைக்குக் கீழ இருக்கிற காந்தப் புலத்துல வேலை செய்யுது. உலோகம் பக்கத்துல வந்தா அதுவே கோட்டை இழுத்துவிடும்.

[காட்சி: கிரிட்டா, டேப்லெட் செட்டிங்ஸ்.]

பிரெஷர். கிரிட்டாங்கிற வரையிற சாஃப்ட்வேரை எடுத்துப்போம், இலவசம்ங்கிறதால எல்லாருக்கும் கிடைக்கும். செட்டிங்ஸ், கான்ஃபிகர் கிரிட்டா, டேப்லெட் செட்டிங்ஸ். பேனாவோட தகவல் சாஃப்ட்வேருக்கு வர்றதுக்கு அங்க ரெண்டு வழி இருக்கு: வின்டேப், விண்டோஸ் இங்க். டிரைவர்ல விண்டோஸ் இங்க் ஆன்ல இருந்தா இங்கயும் அதையே வைங்க, அங்க ஆஃப்னா இங்க வின்டேப். மாத்தினதும் கிரிட்டாவை மூடித் திறக்கணும், அப்பதான் ஏறும். அதே இடத்துல டேப்லெட் டெஸ்டர் இருக்கு. பேனாவை அழுத்தினா சதவீதம் ஏறி இறங்குதான்னு அதுல பாருங்க. ஏறுச்சுன்னா டிரைவர் நல்லா இருக்கு, மிச்சப் பிரச்சினை பிரஷ்லதான்.

கோடு ஆரம்பிக்கிற இடத்துல ஒரு வளையம் வந்து தாமதமாகுதா? அது விண்டோஸோட வேலை. கன்ட்ரோல் பேனல், பென் அண்ட் டச், பிரஸ் அண்ட் ஹோல்ட். டிக்கை எடுத்துடுங்க.

[காட்சி: ஸ்கேல் வெச்சு மெதுவா போடும் சாய்வுக் கோடு, அலை அலையா.]

கோடு நடுங்குதா? கையைக் குறை சொல்றதுக்கு முன்னாடி, ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் வெச்சு மெதுவா சாய்வா கோடு போடுங்க. மெதுவா போடும்போது லேசான அலை எல்லாப் பேனா திரையிலயும் கொஞ்சம் இருக்கும். அது கண்ணுக்கே துருத்துச்சுன்னா, லேப்டாப் சார்ஜரைக் கழட்டிட்டு பேட்டரில அதே கோட்டைப் போட்டுப் பாருங்க. நடுக்கம் போயிடுச்சுன்னா காரணம் எர்த். மூணு பின் பிளக்கை ரெண்டு பின் கன்வெர்ட்டர்ல மாட்டியிருப்பீங்க, இல்லன்னா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல எர்த் கம்பி இருக்காது. எர்த் உள்ள பிளக் பாயின்ட்டுக்கு மாத்துங்க. ஸ்பீக்கர், போன் ரெண்டையும் டேப்லெட்டுக்குப் பக்கத்துல வைக்காதீங்க. இடம் இல்லைன்னு லேப்டாப் கீபோர்டு மேலயே டேப்லெட்டை வெச்சாலும் இதே தொந்தரவு வரும்.

[காட்சி: புது நிப், தேய்ஞ்ச நிப் பக்கத்துல பக்கத்துல.]

கடைசியா நிப், அதாவது பேனாவோட முனை. இது தேயுற பொருள். ஒரு பக்கமா சாய்வா தேய்ஞ்சு உளி முனை மாதிரி ஆனதும் மாத்திடுங்க. அந்தக் கூர் விளிம்பு திரை ஃபிலிம்ல கீறல் போடும். பேனா ஸ்டாண்டுல நிப்பைப் பிடுங்குறதுக்குன்னே சின்னத் துளையோ வளையமோ இருக்கும். நிப்பை அதுல மாட்டி, நேரா வெளிய இழுங்க. புது நிப்பை உள்ள முட்டுற வரைக்கும் தள்ளுங்க. பாதியில நின்னா, பேனா திரையில படாமலே கோடு விழ ஆரம்பிக்கலாம்.